மனசு விட்டு பேசப் போற கவுன்சிலர் நம்ம ஊரு ஆளா இருக்கணுமா?

கேள்வி: எக்கா, எனக்கு வயசு 27, குளச்சல் பக்கம் கடற்கர ஊரு, நாரோயில்ல ஒரு கடையில கணக்கு பாக்கேன். நான் கே, அதாவது ஆம்பளைங்க மேலதான் எனக்கு ஆச, பத்தாம் கிளாஸ்லயே எனக்கு தெரியும். இப்ப வீட்டுல எனக்கு கல்யாணம் கெட்டு பேசுகாவ, ராத்திரி தூக்கமே இல்ல. ஒரு கவுன்சிலர்ட்ட போனேன், மொத கேள்வியே நீ எந்தச் சர்ச் பங்கு, அப்பா பேரு என்னன்னு. தலவலின்னு எதையோ சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அமெரிக்காவுல இருக்க கூட்டுக்காரன் சொல்லுகான், அங்க லத்தீனோ, அதாவது மெக்சிகோ கியூபா பக்கத்து வம்சாவளி கே பசங்களும் தங்க ஆளுவள்ல டாக்டர் கிடைக்காம அலையுறாங்களாம். அப்போ எனக்கும் நம்ம ஆளுதான் தேடணுமா?
- பேரு வேண்டாம், குளச்சல்

பதில்: எந்திரிச்சு வந்தது நல்லதாப் போச்சு தம்பி, பங்கு பேரு கேட்ட பிறகு யாருக்கு வாய் வரும்.

கூட்டுக்காரன் சொன்னது சரிதான். 2020 கணக்குப்படி அங்க லத்தீனோ மக்கள் 6 கோடியே 21 லட்சம், நூத்துக்கு கிட்டத்தட்ட 19 பேரு, ஆனா சைக்காலஜிஸ்டுகள எடுத்தா நூத்துக்கு பத்து பேரு கூட தேறாது. அப்படி ஒரு லத்தீனோ பையன் சின்ன வயசுல அழுதது ஸ்பானிஷ்ல, இப்ப அதையே இங்கிலீஷ்ல ஒரு வெள்ளைக்காரர்ட்ட விளக்கணும், அவரு "வீட்ட விட்டு வெளிய வா, உன் வாழ்க்கைய பாரு"ன்னு லேசா சொல்லிட்டா இவனுக்கு எப்படி இருக்கும், வீடுன்னா அம்மா பாட்டி சித்தப்பா பிள்ளைய எல்லாம் சேந்ததுல்லா, அதுக்கு அவங்க ஃபமிலிஸ்மோன்னு பேரே வச்சிருக்காங்க. இதுல மெக்சிகோக்காரர் வேற, கியூபாக்காரர் வேற. நம்ம மாவட்டத்துலயே தோவாளையையும் விளவங்கோட்டையும் ஒண்ணுன்னா நாமளே ஒத்துக்குவோமா?

ஆனா உனக்க பிரச்சன தலகீழ். அங்க தங்க ஆளு கிடைக்கல, இங்க எங்க திரும்பினாலும் நம்ம ஆளுதான்! இந்த மாவட்டத்துல யாருக்கும் யாருக்கும் நடுவுல ஒரு கல்யாண வீடுதான் தூரம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, ஆனா ஓபி வரிசையில சித்தி நிப்பாளோங்கற பயம் எனக்குப் புரியுது. அதனால உனக்க பாஷையும் வீட்டு நெலமையும் தெரிஞ்ச, ஆனா உனக்க வீட்டு ஆளுவள தெரியாத ஒருத்தர தேடு, மதுரையோ சென்னையோ, போன்ல பேசிக்கலாம். 14416ன்னு அரசோட மனநல உதவி போன், டெலி மனஸ் இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், இன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலன்னா அதுல இருந்தே தொடங்கு.

அவரும் கேயா இருக்கணுமான்னா, இருந்தா வாய் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான். இனத்த பத்தி 2011ல பழைய ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்தாங்க, தங்க இனத்து ஆளுதான் வேணும்னு மக்கள் ஆசப்படுறாங்க, ஆனா குணமாகுறதுல பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு. சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல ரெண்டு பொண்ணுங்க சேந்து வாழ்ற வழக்குல தீர்ப்பு சொல்லுறதுக்கு முன்னால, இத பத்தி எனக்கே சரியா தெரியலன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் முன்னால உக்காந்து கேட்டுப் படிச்சாரு. அப்படி படிக்க மனசுள்ள ஆளு போதும்.

மொத போன்லயே கேட்டுரு: கே ஆளுங்க உங்கட்ட வந்திருக்காங்களா, இத மாத்தணும்னு நினைக்கீங்களான்னு. "மாத்திரலாம்"னாலோ "கெட்டு வச்சா சரியாகும்"னாலோ போன வை. அந்தத் தீர்ப்பே மாத்துறேன்னு வைத்தியம் பாக்குறத தடுத்திருக்கு. நீ சொல்றத வெளிய விடக்கூடாதுன்னு 2017 மனநலச் சட்டமும் இருக்கு, அதையும் கேட்டு வச்சுக்க.

கெட்டு விஷயத்துல, காரணம் எல்லாம் இப்பவே சொல்லணும்னு இல்ல, "ஒரு வருசம் பேசாதீங்க"ன்னு மட்டும் அம்மாட்ட சொல்லு. பொண்ணு பாக்க மட்டும் போயிராத, அங்க அந்தப் பிள்ளையும் காப்பித் தட்டோட நிக்கும்லா.

கேள்வி: எம்எஸ்சி சைக்காலஜி படிக்கேன், தக்கலை. கே ஆளு வந்தா என்ன பேசன்னே எங்களுக்கு சொல்லித் தரல அக்கா.

பதில்: மேல உள்ள கடிதத்த ரெண்டு தடவ படி மக்ளே. அப்பா பேரு மட்டும் கேக்காத.