யூல் விருந்தும் குதிரை ஈரலும்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ் மரம் ட்ரூயிடுகள் என்ற பழைய கெல்டியப் பூசாரிகளிடமிருந்து திருடியதாம், சாண்டா கிளாஸ் உண்மையில் ஓடின் என்ற பழைய வடஐரோப்பியக் கடவுளாம், டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாளாம். மொத்தத்தில் கிறிஸ்துமஸே பழைய பேகன் (அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களைக் கும்பிட்டவர்களின்) பண்டிகைக்குப் போட்ட புது முகமூடியாம். என் மைத்துனி கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். இந்த வருடம் அதைப் படித்துவிட்டுக் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டாள். எனக்குச் சண்டையில் ஆர்வமில்லை, தெரிந்துகொள்ள ஆசை. கிறிஸ்தவம் வருவதற்கு முன் ஐரோப்பாவில் நடுக்குளிர்காலத்தில் மக்கள் என்னதான் செய்தார்கள்? அதில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? இன்று தங்களைப் பேகன்கள் என்று சொல்லிக்கொண்டு யூல் என்ற வடநாட்டு நடுக்குளிர்காலப் பண்டிகையைக் கொண்டாடுகிறவர்கள் செய்வது அந்தப் பழைய வழக்கம்தானா?

சரவணன்
கரூர்

அன்புள்ள சரவணன்,

அந்தச் செய்தி எனக்கும் ஆண்டு தவறாமல் வருகிறது. அதில் மிகப் பழையதுபோல மினுங்குகிறவைதான் பெரும்பாலும் புதியவை. உண்மையிலேயே பழையது எதுவோ, அதை அந்தச் செய்தி தொடுவதே இல்லை. பீரும் பன்றிக்கறியும் படத்தோடு அனுப்ப அவ்வளவு தோதான சரக்கு இல்லை போலிருக்கிறது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுவோம். வீட்டுக்குள் ஊசியிலை மரத்தை நிறுத்தி அலங்கரிப்பது ரைன் நதியின் மேல்பகுதி ஊர்களில் 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தெளிவாகத் தெரியவருகிறது. 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பற்றி ஒருவர் குறித்துவைத்திருக்கிறார்: கூடத்தில் ஃபர் மரத்தை வைத்து வண்ணக் காகித ரோஜாக்களையும் ஆப்பிளையும் இனிப்பையும் தொங்கவிடுகிறார்கள் என்று. அது லூத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர். ட்ரூயிடுகள் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மிசில்டோ என்ற புல்லுருவியை ட்ரூயிடுகள் பொன் அரிவாளால் அறுத்ததாக ரோமானியரான மூத்த பிளினி எழுதியிருப்பது உண்மை. ஆனால் அவர் சொல்வது பிறையின் ஆறாம் நாளை. குளிர்காலம் என்ற பேச்சே அதில் இல்லை. அதன் கீழே நின்று முத்தமிடுவது 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விளையாட்டு. சாண்டாவுக்கும் ஓடினுக்கும் முடிச்சுப் போடக் கையில் இருப்பது ஓடினுக்கு ‘யோல்னிர்’ என்ற பெயர் இருந்ததும், அது யூலோடு சேர்ந்த பெயர் என்பதும்தான். தாடியை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

டிசம்பர் 25 கொஞ்சம் சிக்கலானது. ரோமப் பேரரசர் ஆரேலியன் 274இல் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்குப் பெருங்கோயில் எடுத்தார். 354ஆம் ஆண்டின் ரோம நாட்காட்டித் தொகுப்பில் டிசம்பர் 25க்கு நேரே ‘வெல்லப்படாதவரின் பிறந்தநாள், முப்பது தேரோட்டம்’ என்று இருக்கிறது. அதே தொகுப்பின் இன்னொரு பகுதியில் அதே தேதியில் கிறிஸ்து பிறந்தார் என்றும் இருக்கிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார் என்பதை இதை வைத்து முடிவுசெய்ய முடியாது. இயேசு கருவானதும் இறந்ததும் மார்ச் 25இல் என்று ஒரு பழைய நம்பிக்கை. அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினாலும் இங்கேதான் வந்து நிற்கும். அந்தக்கால ரோமர் கணக்கில் ஆண்டின் மிக நீண்ட இரவும் டிசம்பர் 25தான். இரு தரப்பும் ஒரே வானத்தைப் பார்த்துத் தேதி குறித்திருக்கலாம். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிப்பதில் எனக்கு விருப்பமில்லை. விருந்துக்குப் போவோம்.

ரோமர்களின் சாட்டர்னேலியா டிசம்பர் 17இல் தொடங்கும். விதைப்பு முடிந்த காலம். சாட்டர்ன் உழவோடு சேர்ந்த கடவுள். நகர மன்றத்தில் இருந்த கோயிலில் அவர் சிலையின் கால்களை ஆண்டு முழுவதும் கம்பளி நூலால் கட்டிவைத்திருப்பார்கள், பண்டிகைக்கு மட்டும் அவிழ்ப்பார்கள். முதலில் ஒரு நாள் பண்டிகை. பிறகு ஆளாளுக்கு இழுத்து ஒரு வாரமாகிவிட்டது. டோகா என்ற கனமான மேலாடையைக் கழற்றிவிட்டு வண்ண உடை, விடுதலையான அடிமை அணியும் கூம்புத் தொப்பி எல்லோர் தலையிலும், மற்ற நாளில் சட்டம் தடுத்த சூதாட்டம் தெருவிலேயே. மெழுகுவர்த்தியும் சின்னக் களிமண் பொம்மைகளும் பரிசாகக் கைமாறும். சில வீடுகளில் எஜமானரே அடிமைகளுக்குப் பரிமாறினார், சில வீடுகளில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். டிசம்பர் ஒரு மாதமாக இருந்தது போய் இப்போது ஆண்டு முழுவதும் டிசம்பராகிவிட்டது என்று தத்துவவாதி செனெகா அலுத்துக்கொள்கிறார். இளைய பிளினி தன் கடற்கரை மாளிகையில் சத்தம் எட்டாத ஓர் அறையைக் கட்டி, பண்டிகை நாட்களில் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆட்களின் கும்மாளத்துக்குத் தானும் இடைஞ்சலில்லை, தன் படிப்புக்கு அவர்களும் இடைஞ்சலில்லை என்பது அவர் சொன்ன நியாயம்.

எனக்குப் பிடித்த காட்சி கவிஞர் ஹொரேஸ் எழுதியது. சாட்டர்னேலியா நேரத்தில் அவருடைய அடிமை டாவுஸ் வருகிறான். ‘சரி, முன்னோர் தந்த டிசம்பர் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள், பேசு’ என்கிறார் எஜமானர். அவன் பேசுகிறான். நகரத்தில் இருந்தால் கிராமத்தைப் புகழ்கிறீர்கள், கிராமத்துக்குப் போனால் நகரத்துக்கு ஏங்குகிறீர்கள், ஆசைகளுக்கு அடிமையான உங்களைவிட நான் எதில் குறைந்தவன் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். கடைசியில் ஹொரேஸுக்குப் பொறுக்கவில்லை. கல் எங்கே, அம்பு எங்கே என்று கத்துகிறார். உடனே இங்கிருந்து போகாவிட்டால் சபைன் பண்ணையில் ஒன்பதாவது ஆளாக மண் கிளறப் போவாய் என்கிறார். அந்தச் சுதந்திரத்தின் நீளம் அவ்வளவுதான். இதைச் சமத்துவத் திருவிழா என்று உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வரிகளைப் படிப்பதில்லை.

இனி வடக்கு. இங்கே ஒரு தொல்லை இருக்கிறது. யூல் கொண்டாடிய மக்கள் அதைப் பற்றித் தாங்கள் எழுதிவைக்கவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள். இங்கிலாந்தில் பீட் என்ற துறவி 725இல், தன் முன்னோர் டிசம்பர் 25 இரவை ‘தாய்மாரின் இரவு’ என்று அழைத்ததாகவும் அதில் ஏதோ சடங்குகள் செய்ததாகவும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். என்ன சடங்கு, எந்தத் தாய்மார், ஒன்றும் கிடையாது. ஆனால் அதே இடத்தில் நவம்பரை அவர்கள் ‘இரத்த மாதம்’ என்றார்கள், அறுக்கப்போகும் கால்நடைகளைத் தெய்வங்களுக்கு நேர்ந்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார். எனக்கு இந்த வரிதான் சாவி. குளிர்காலம் முழுக்க எல்லா மாட்டுக்கும் பன்றிக்கும் போடத் தீவனம் கிடையாது. வசந்தம் வரை காப்பாற்ற முடிந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அறுத்தாக வேண்டும். அறுவடைப் பார்லியும் கையில் இருக்கிறது, அதைக் காய்ச்சினால் பீர். வெளியே வேலையில்லை, பனி. ஆண்டிலேயே கறியும் பீரும் ஒரே நேரத்தில் நிறைந்திருப்பது அப்போதுதான். பண்டிகை வேறு எப்போது வரும்?

நார்வே அரசர் ஹாகோனின் கதையை ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டூர்லூசன் 1230 வாக்கில் எழுதினார். ஹாகோன் இறந்து ஏறக்குறைய 270 ஆண்டு கழித்து எழுதியது. ஆகவே எல்லாவற்றையும் நடந்தபடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கதை நுணுக்கமானது. ஹாகோன் இங்கிலாந்து அரசர் ஏதல்ஸ்டன் அரண்மனையில் கிறிஸ்தவராக வளர்ந்தவர். சுமார் 934இல் திரும்பிவந்து அரியணை ஏறுகிறார். நாடு இன்னும் பழைய தெய்வங்களோடு இருக்கிறது. அவர் போட்ட சட்டங்களில் ஒன்று: யூல் இனிமேல் கிறிஸ்தவர்களின் பண்டிகை தொடங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொருவரும் குறித்த அளவு மால்ட்டில் (முளைகட்டிய பார்லியில்) பீர் காய்ச்ச வேண்டும், இல்லையேல் அபராதம், பீர் தீரும் வரை விடுமுறை. அதற்கு முன் யூல் நடுக்குளிர்கால இரவில் தொடங்கி மூன்று இரவு நடந்ததாம். பழைய ஐஸ்லாந்து நாட்காட்டியில் நடுக்குளிர்காலம் ஜனவரி நடுவில் வருகிறது. (பொங்கலோடு முடிச்சுப் போடத் தோன்றும், வேண்டாம். பொங்கல் தேதி வேறு கணக்கில் நகர்ந்து அங்கே வந்து நிற்கிறது.)

ஆக, தேதி மாற்றிய குற்றச்சாட்டு இந்த ஓரிடத்தில் பொருந்துகிறது. ஆனால் திசை கவனியுங்கள். இங்கே பேகன் பண்டிகைதான் கிறிஸ்துமஸ் தேதிக்கு இழுத்துவரப்பட்டது.

விருந்து எப்படி நடந்தது? ஊர் விவசாயிகள் எல்லோரும் தங்கள் பீரையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். குதிரைகளும் கால்நடைகளும் அறுக்கப்படும், இறைச்சி நடுத்தளத்தில் எரியும் தீயின்மேல் கொப்பரைகளில் வேகும். கிண்ணத்தைத் தீயின் ஊடாகக் கைமாற்றுவார்கள். முதல் கிண்ணம் ஓடினுக்கு, அரசனின் வெற்றிக்காக. பிறகு நியோர்ட், ஃப்ரே என்ற தெய்வங்களுக்கு, நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்குமாக. அப்புறம் இறந்துபோன உறவினரை நினைத்து ஒன்று. விளைச்சலுக்கும் அமைதிக்கும் என்ற அந்தச் சொற்களை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஹாகோன் இந்த விருந்துகளில் தனியாகச் சாப்பிடப் பார்த்தார், விவசாயிகள் விடவில்லை. ஓர் இலையுதிர்கால விருந்தில் சிகுர்ட் பிரபு ஓடினுக்கு அர்ப்பணித்துக் கிண்ணத்தை நீட்டுகிறார். அரசர் வாங்கி அதன்மேல் சிலுவை வரைகிறார். ஒருவர், ‘அரசர் என்ன செய்கிறார்?’ என்று கேட்கிறார். சிகுர்ட் சமாளிக்கிறார்: ‘தோரின் சுத்தியலை வரைகிறார்.’ தோர் அவர்களுடைய இடிக்கடவுள். மறுநாள் குதிரைக்கறி சாப்பிடு என்று நெருக்குகிறார்கள். மாட்டேன் என்கிறார். குழம்பையாவது குடி. மாட்டேன். கொழுப்பையாவது தின்னு. அதுவும் மாட்டேன். கடைசியில் சமரசமாக, ஆவி படிந்து பிசுபிசுத்த கொப்பரையின் கைப்பிடியில் துணியைச் சுற்றி அதன்மேல் வாயைத் திறந்துகாட்டுகிறார். இரண்டு தரப்புக்கும் திருப்தியில்லை. அடுத்த யூல் விருந்தில் கூட்டம் அரசரை நெருக்கி மிரட்டியது. அரசர் குதிரை ஈரலில் சில துண்டுகளைத் தின்றார், கிண்ணங்களைச் சிலுவை வரையாமல் குடித்தார். சுமார் 961இல் போர்க்காயத்தால் அவர் இறந்தபோது பழைய முறையில்தான் புதைத்தார்கள். கவிஞர் ஒருவர் அவரை ஓடினின் மாளிகைக்கே அனுப்பிப் பாட்டு எழுதினார்.

சில தலைமுறைகள் கழித்து நார்வே முழுமையாகக் கிறிஸ்தவமானது. மேற்குக் கரையில் வழங்கிய குலாதிங் சட்டம் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதில் பீர் காய்ச்சுவது கட்டாயம். கிறிஸ்துமஸ் இரவில் அந்தப் பீரைக் கிறிஸ்துவுக்கும் புனித மரியாளுக்கும் நேர்ந்து அருந்த வேண்டும். எதற்காக? நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்கும். சொல்லுக்குச் சொல் அதேதான். காய்ச்சாதவன் பிஷப்புக்கு அபராதம் கட்ட வேண்டும். மூன்று ஆண்டு தொடர்ந்து காய்ச்சாவிட்டால் சொத்து பறிபோகும், பாதி அரசனுக்கு, பாதி பிஷப்புக்கு. எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டீர்கள் அல்லவா? இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியாது. தெய்வத்தின் பெயர் மாறியது, கிண்ணமும் வேண்டுதலும் மாறவில்லை. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? விவசாயிக்கு அடுத்த ஆண்டும் விளைய வேண்டும், யாரிடம் கேட்பது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

அடுப்பில் பெரிய மரக்கட்டை எரிக்கும் வழக்கத்துக்கும் கொஞ்சம் பழைய சான்று உண்டு. இன்றைய போர்ச்சுகலில் பிராகா ஊரின் பிஷப் மார்ட்டின், 6ஆம் நூற்றாண்டில் நாட்டுப்புற மக்களைத் திட்டி எழுதியவற்றில் புத்தாண்டுக்கு மேசை அலங்கரிப்பதும், லாரல் இலை கட்டுவதும், அடுப்புக் கட்டையின்மேல் தானியமும் திராட்சை மதுவும் ஊற்றுவதும் வருகின்றன. செர்பியாவில் கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் ஓக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், சில பகுதிகளில் அதன்மேல் தானியமும் மதுவும் போடுவதுண்டு. மறுநாள் காலை முதலில் வரும் விருந்தாளி எரியும் கட்டையைக் கோலால் தட்டி, பறக்கும் பொறிகள் எத்தனையோ அத்தனை ஆடு, அத்தனை பணம் என்று வாழ்த்துவார். இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டும் பாதி ஐரோப்பாவும் இருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல மாட்டேன். அடுப்பு உள்ள வீடுகளில் தானாகவே தோன்றக்கூடிய வழக்கம்தான்.

கடைசிக் கேள்வி, இன்றைய பேகன்கள். ஐஸ்லாந்தில் 1972இல் பழைய தெய்வங்களுக்கான ஓர் அமைப்பு தொடங்கி, அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் பெற்றது. பிரிட்டனில் ஆண்டுக்கு எட்டு பண்டிகை என்ற சக்கரம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கோத்தது. டிசம்பர் 21 அல்லது 22இல் இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சில் கூடுகிறார்கள். அந்தக் கற்களின் அச்சு நடுக்குளிர்கால அந்தியைப் பார்ப்பது மெய். பக்கத்திலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் தோண்டியெடுத்த பன்றிப் பற்களைப் பார்த்தால், பல பன்றிகள் ஒன்பது மாத வயதில் அறுபட்டிருக்கின்றன. வசந்தத்தில் பிறந்த குட்டி என்றால் கணக்கு நடுக்குளிர்காலத்தில் வந்து விழுகிறது. ஆனால் அவர்கள் 4500 ஆண்டுக்கு முந்தியவர்கள். என்ன பாடினார்கள், யாரைக் கும்பிட்டார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. ஆகவே இன்று வெள்ளை அங்கி போட்டுச் சொல்லப்படும் மந்திரங்கள் புதியவை. அதனால் அவர்களுடைய பக்தி பொய்யென்று ஆகாது, பழமை என்ற பெருமையை மட்டும் விட்டுவிடலாம். சாப்பாட்டு விஷயத்தில் வேண்டுமானால் அவர்கள் முன்னோரை ஒத்திருக்கிறார்கள்.

மைத்துனியைக் குழுவுக்குத் திரும்ப அழைப்பது உங்கள் பாடு. அடுத்த டிசம்பரில் அந்தச் செய்தி வந்தால் மறுத்துக்கொண்டிருக்காமல், பீர் காய்ச்சாதவனிடம் அபராதம் வசூலித்த பிஷப்பின் கதையைப் போட்டுவிடுங்கள். அது இன்னும் வேகமாகப் பரவும்.