‘நீங்க யாரு ஆளு?’ – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சியில் வசிக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சென்ற மாதம் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஊருணியைத் தூர்த்துக் கடை கட்டப் போகிறார்கள், ஆவணத்தையே மாற்றிவிட்டார்கள் என்று. யார் குரல் என்று எவருக்கும் தெரியாது. மறுநாள் காலை சாலை மறியல்.

நான் இணையத்தில் ஊரின் நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஊருணி என்றே, புறம்போக்காகவே இருக்கிறது. அதைக் குழுவில் போட்டேன். ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. “நீங்க யாரு ஆளு?” என்றுதான் கேட்டார்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலைப் பையனாகப் போய், கடையை நடத்தும் ஏஜெண்டாகத் திரும்பியவர். கணக்கில் காலணா உதைத்தாலும் ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு நேராகும்வரை சாப்பிட உட்கார மாட்டார். அப்படிப்பட்ட மண்ணில் இன்று கணக்குக் கேட்டால் கட்சிக்காரன் ஆக்கிவிடுகிறார்கள். பொதுவாழ்வில் பகுத்தறிவுக்கு இனி இடமே இல்லையா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

1995 செப்டம்பர் 21 அன்று நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தார். அப்போது வாட்ஸ்அப் கிடையாது, எஸ்டிடி பூத்தே போதுமானதாக இருந்தது. வண்ணம் கலந்த பாலை ஊட்டி, அது பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து ஏறிச் சிலைமேல் வழிந்து இறங்குவதை விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதனால் வரிசை கலைந்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே நம் காலத்தில்தான் புத்தி மங்கிவிட்டது என்ற வருத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊர்க்காரர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு. நம் பக்கத்தில் ஊருணியை யாரும் ஒரே நாளில் தூர்ப்பதில்லை. முதலில் தண்ணீர் வரும் வரத்துக்கால் மறையும். ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் வரும், அப்புறம் ஒரு தார்ச்சாலை. தண்ணீர் வராத ஊருணி சில வருஷங்களில் குப்பைமேடாகும். பிறகு யாராவது “சும்மாதானே கிடக்கு” என்பார்கள். அ-பதிவேட்டில் மட்டும் அது கடைசிவரை ஊருணியாகவே இருக்கும். நீங்கள் காட்டிய தாள் உண்மைதான். ஆனால் அவர்களுடைய பயத்துக்கு அது பதில் இல்லை.

ஐயாவின் ஐந்தொகைக்கு வருகிறேன். அந்தப் பேரேடுகளைப் பார்த்து வியந்தவன்தான் நானும். செட்டியார்கள் ரங்கூன் மொகல் தெருவில் கூடிப் பேசி நடப்பு வட்டி வைத்தார்கள். கடைக்குக் கடை கணக்கு சுத்தம். 1930ல் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட வழியில்லாத உழவன் நிலத்தைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938ல் அது 25 ஆகிவிட்டது. ஒவ்வொரு கடைக்கும் அது வராத கடனுக்கு ஈடாக வந்த சொத்து, பற்றும் வரவும் நேர். நிலத்தைக் கொடுத்தவனுக்கோ ஊரே கைமாறிவிட்டது. இது எங்கே போய் முடியும் என்று அவன் மொகல் தெருக் கூட்டத்தில் வந்து கேட்க முடியுமா? கேட்டிருந்தால் “நீ யார்” என்றுதான் திருப்பிக் கேட்டிருப்பார்கள். 1942ல் ஜப்பான்காரன் வந்தான். 1948ல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. காலணா உதைக்காத கணக்கு மொத்தமாக உதைத்தது.

நகரம் என்று சொல்லப்படும் செட்டியார் சமூகக் கூட்டங்களில் கணக்குக் கேட்டது உண்மை. நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் கோவில் வரவு செலவை வாசிக்கும்போது, ஒரு குடும்பத்தின் சார்பில் வந்த புள்ளி எழுந்து, எண்ணெய்ச் செலவு ஏன் கூடியது என்று கேட்கலாம். யாரு ஆளு என்று அவரை எவரும் கேட்க மாட்டார்கள். இன்ன கோவில், இன்ன வீடு, இன்னார் மகன் என்பது ஊருக்கே தெரியும். நம் ஆள் என்பது முன்பே தீர்ந்துபோனதால் கேள்வி கேள்வியாகவே காதில் விழுந்தது. அந்த உரிமை செட்டியார் வீட்டுப் பெண்களான ஆச்சிகளுக்கு இல்லை. ஆண்கள் கடல் தாண்டிப் போயிருந்த காலமெல்லாம் வீட்டுக் கணக்கைத் தனியாக நடத்தியவர்கள் அவர்கள்தான். அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கும் இல்லை. நாம் தொலைத்துவிட்டதாக வருந்தும் பகுத்தறிவு அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

இன்று கேட்பவரின் கோவிலும் வீடும் எல்லோருக்கும் தெரியாது. அந்த இடத்தில் கட்சி வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் தாளைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்கள் இதற்குத் தினமும் பயிற்சி கொடுக்கின்றன. பேசுபவர் யாருடைய ஆள் என்று பெயருக்குக் கீழேயே எழுதிக் காட்டுகிறார்கள். 1939ல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழாவின் பட்டிமண்டபத்தை நினைத்துக்கொள்கிறேன். போன வருஷம் வாலிக்காகப் பேசியவர் இந்த வருஷம் இராமனுக்காகப் பேசலாம். கட்சி மாறிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. விளையாட்டுத்தான், ஆனாலும் காதுக்கு நல்ல பழக்கம்.

உங்களுடையது ஊராட்சி என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் 6 நாள் கிராம சபை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், கேட்கலாம். யாரு ஆளு என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்ட இடம் அது. பெரும்பாலும் 100 நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பென்ஷன்காரர்களை அந்தப் பக்கம் காண்பது அரிது. (நீங்கள் போனதுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.)

அ-பதிவேட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அதற்கு முன் மறியலில் முன்னால் நின்ற ஒருவரையும், தண்ணீர் வந்த வழி தெரிந்த வயதானவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரத்துக்காலை மேலிருந்து ஊருணிவரை நடந்து பாருங்கள். எங்கெங்கே அடைபட்டிருக்கிறது, அந்த இடம் எந்தப் புல எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபடமும் இணையத்தில் கிடைக்கும். அடைப்பை எடுக்கச் சொல்லித் தீர்மானம் பதியக் கேளுங்கள். கேள்வியை மறியல்காரரே கேட்கட்டும். நீங்கள் தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.