வான்டாக்ஸி பேட்டரி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

செங்குத்தாக எழும்பி இறங்கும் சிறிய பயணிகள் வாகனமான மின்சார வான்டாக்ஸி பற்றிய கட்டுரையில், பேட்டரியில் கணிசமான சார்ஜ் மிச்சமிருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மின்சாரக் காரை 5 சதவீதம் வரைகூட ஓட்டுகிறோமே? வேகமாக இறங்கி மிச்சம் பிடிக்க முடியாதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கார் நிற்கப்போகும் நேரத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை. வான்டாக்ஸிக்கு அப்போதுதான் வேலை அதிகம். வான்டாக்ஸி தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான ஜோபியின் வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் எடையை இறக்கை தாங்குகிறது. இறங்கும்போது 6 ப்ரொப்பெல்லர்களும் மேல்நோக்கித் திரும்பி முழு எடையையும் சுமக்கின்றன. திறன் (பவர்) தேவை பல மடங்கு எகிறும். பெட்ரோல் விமானம் போகப் போக இலேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது.

லித்தியம் அயன் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். தீரும் தறுவாயில் மோட்டார் இழுக்கும்போது 3.2 வோல்ட்டுக்கு இறங்குகிறது என்று வைப்போம். அதே திறனுக்கு 1.3 மடங்கு மின்னோட்டம் வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கப்படி ஏறுவதால் 1.7 மடங்கு. சார்ஜ் குறைந்த செல்லில் உள்மின்தடையும் கூடுவதால் உண்மையில் இதைவிட அதிகம். மின்னோட்டம் ஏறினால் வோல்ட் சரியும், வோல்ட் சரிந்தால் மின்னோட்டம் ஏறும். வோல்ட் அதன் கீழ் எல்லையைத் தொட்டுவிட்டால் மீட்டரில் சார்ஜ் இருந்தும் திறன் வராது. ஒரு மோட்டார் நின்றுபோனாலோ, தளம் காலியாக இல்லாமல் மறுபடி மேலேற வேண்டியிருந்தாலோ நிலைமை இன்னும் இறுகும். மிச்சம் வைக்கச் சொல்வது இதற்குத்தான்.

வேகமாக இறங்குவது ஆபத்து. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டர் (வாகனத்தைத் தூக்கும் சுழலி) செங்குத்தாக அமிழ்ந்தால், அந்தக் காற்று விளிம்பைச் சுற்றி மேலேறி மறுபடி ரோட்டருக்குள் வரும். தூக்குவிசை சட்டென்று குறையும். திறனைக் கூட்டினால் இந்தக் காற்றுச் சுழல்தான் வலுக்கும். முன்வேகம் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) என்பதற்குக் கீழே இருக்கையில் இறங்குவேகம் நிமிடத்துக்கு 300 அடிக்குள் இருக்கட்டும் என்பது ராபின்சன் நிறுவனம் தன் ஹெலிகாப்டர் பைலட்டுகளுக்குச் சொல்வது. அந்த வேகத்தில் கடைசி 100 அடிக்கே 20 விநாடி ஆகிவிடும். சிக்கிக்கொண்டால் ஹெலிகாப்டர் பைலட் மூக்கைத் தாழ்த்தி முன்னே நகர்ந்து வெளியேறுவார். கட்டடங்களுக்கு நடுவிலுள்ள தளத்தில் அதற்கு ஏது இடம்?

இனி இத்தகைய வாகனத்தைப் பற்றிப் படிக்கும்போது, எத்தனை கிலோமீட்டர் பறக்கும் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றிப் பழசான பேட்டரி, சார்ஜ் குறைந்த நிலையில், அந்தரத்தில் நிற்கும் திறனை எத்தனை விநாடி தருகிறது என்று சொல்லியிருக்கிறார்களா எனத் தேடிப் பாருங்கள்.

அன்புடன்.