பாலி போறவங்க கேளுங்க, தெரிந்தவரை சொல்கிறேன்

எந்த மாதம் நல்லது?
ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் கூடும், அதனால் மே, ஜூன், செப்டம்பர். மார்ச்சில் போவதானால் நியெபி (பாலிக்காரர்களின் மௌன நாள்) என்றைக்கு என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடிக் கிடக்கும், ஹோட்டல் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள்.

ஸ்கூட்டர் ஓட்ட நம்ம ஊர் லைசென்ஸ் போதுமா?
போதாது. இன்டர்நேஷனல் பெர்மிட் வேண்டும், அதிலும் இருசக்கர வண்டிக்கு அனுமதி இருக்க வேண்டும். வாடகைக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விழுந்து கையை உடைத்துக்கொண்டால் இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.

விசா?
இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் தளத்தில் பாருங்கள். தவிர, 2024 பிப்ரவரியிலிருந்து பாலிக்கென்று தனியாக 1,50,000 இந்தோனேசிய ரூபியா கட்டணம் உண்டு.

சோழர்கள்தானே அங்கே இந்து மதத்தைக் கொண்டுபோனது?
வந்துவிட்டதா! இல்லை. ராஜேந்திரன் 1025இல் படை அனுப்பியது ஸ்ரீவிஜயத்தின் மேல், அதாவது சுமத்ரா, கடாரம் பக்கம். தோற்ற ஊர்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது, பாலி என்ற பேச்சே அதில் இல்லை. அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, 914 வாக்கில், ஸ்ரீ கேசரி வர்மதேவன் என்ற ராஜா சனூரில் ஒரு கல்தூண் நட்டுவைத்திருக்கிறார், சமஸ்கிருதமும் பழைய பாலி மொழியுமாக, இரண்டு வகை எழுத்தில். பெலன்ஜோங் கோயிலில் இன்றும் நிற்கிறது, கடற்கரைக்குப் போகிற வழியில் பார்த்துவிடலாம். பிறகு 1343இல் ஜாவாவின் மஜபாஹித் அரசு படையெடுத்து வந்தது, ஜாவா வழியாக வந்த இந்து மதம்தான் அங்கே அதிகம்.

அப்படியானால் தமிழனுக்குச் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா?
அப்படி எங்கே சொன்னேன்? வடக்குக் கரையில் செம்பிரான் என்று ஒரு ஊர். அங்கே தோண்டியபோது கிடைத்த ரௌலட் ஓடுகள் (உருளை வைத்துக் கோடு பதித்த மண்பாண்டத் துண்டுகள்) நம்ம அரிக்கமேட்டில் கிடைத்த வகைதான், ஏறக்குறைய 2,000 வருஷத்துச் சரக்கு. வியாபாரிகள் கொண்டுபோன தட்டு அது. படையெடுப்பு இல்லாவிட்டால் பெருமை இல்லை என்று நினைப்பவர்களுக்கு என்னிடம் மருந்து கிடையாது.

110 சிசி வண்டிதானே, அதற்குமா பெர்மிட்?
மேலே படியுங்கள்.

வயல் பார்க்க எங்கே போகலாம்?
ஊஞ்சல் படம் வேண்டுமென்றால் தெகல்லாலாங், வயல் வேண்டுமென்றால் ஜதிலுவி. அங்கே ஒரே வாய்க்கால் தண்ணீரில் பாயும் வயல்காரர்கள் எல்லாரும் ஒரு சுபாக், அதாவது பாசனச் சங்கம், யார் எப்போது நடுவது என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், நீர்க் கோயில் பூஜை நாட்களை ஒட்டி. ஒரே சமயத்தில் வயலைக் காயப்போட்டால் பூச்சிக்குத் தீனி இருக்காது. 1970களில் அரசாங்கம் அவரவர் இஷ்டத்துக்கு வருஷம் முழுக்க நடச் சொன்னதும் பூச்சியும் தண்ணீர்த் தகராறும் பெருகிவிட்டன. 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது இந்த ஏற்பாடுதான்.

பிள்ளைகளோடு கூட்டா கடற்கரையில் குளிக்கலாமா?
சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள், அலை உள்ளே இழுக்கும்.

ஸ்கூட்டரில் உலுவத்து கோயிலுக்குப் போய்...
டாக்சி.

உலுவத்துக் குரங்கு கண்ணாடியைப் பிடுங்குமாமே?
பிடுங்கும். தீனி கொடுத்தால் திருப்பித் தரும். செல்போன் என்றால் லேசில் மசியாது, பேரம் பேசும்.