குட்டி நீலமும் மூன்று சூரியனும்: டால்மேஷிய ஒயின் கேள்விகள்

குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரை ஒயின்களைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

டுப்ரோவ்னிக் போகிறோம். மெனுவில் ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. எதில் ஆரம்பிப்பது?

போஷிப். கோர்ச்சுலா தீவின் வெள்ளைத் திராட்சை, ஸ்மோக்விட்சா, சாரா என்ற இரண்டு ஊர்கள்தான் அதற்குத் தாய்வீடு. வெள்ளைதான் என்றாலும் கனமானது, நன்றாகக் குளிரவைத்து மாலி ஸ்டோன் என்ற ஊரின் சிப்பியோடு குடித்துப் பாருங்கள். சிவப்பை இரண்டாம் நாள் பார்க்கலாம்.

டிங்காச் என்று விலை கொடுத்து வாங்கினேன். ஒரே துவர்ப்பு, இரண்டாவது கிளாஸில் தலை சுற்றல். போலியா?

போலி இல்லை, அது அப்படித்தான். டிங்காச் என்பது இடத்தின் பெயர், திராட்சையின் பெயர் பிளாவட்ஸ் மாலி, அதாவது 'குட்டி நீலம்'. சின்னப் பழம், தடித்த தோல், துவர்ப்பில் பெரும்பங்கு அந்தத் தோலில் இருந்து வருவது. ஒரே குலையில் சில பழம் பச்சையாக இருக்கும்போதே சிலது கொடியிலேயே உலர்ந்து கிஸ்மிஸ் ஆகிவிடும், சர்க்கரை ஏறிப்போகும், அதனால் ஆல்கஹால் 14, 15 சதவீதம் என்று போய் நிற்கும். பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தின் தெற்குச் சரிவில் கொடிக்கு மூன்று சூரியன் என்பார்கள்: வானத்தில் ஒன்று, கடலில் பட்டுத் திரும்புவது ஒன்று, வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில் இருந்து அடிப்பது ஒன்று. ஆள் நிற்கவே தடுமாறும் சரிவு. 1970களில் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும்வரை பறித்த பழத்தைக் கழுதைமேல் ஏற்றித்தான் மலையைத் தாண்டினார்கள், இன்றும் ஒரு லேபிளில் அந்தக் கழுதை நிற்கிறது. 1961-லேயே குரோஷியாவில் முதன்முதலாகச் சட்டப் பாதுகாப்பு பெற்ற ஒயின் இது, பக்கத்து போஸ்டுப்புக்கு அது கிடைத்தது 1967-ல். சரி, எப்படிக் குடிப்பது? மதிய வெயிலில் வேண்டவே வேண்டாம். ராத்திரி, ஆட்டுக்கறியோடு, இருபது நிமிஷம் ஃபிரிட்ஜில் வைத்து.

பிளாவட்ஸ் மாலியும் கலிஃபோர்னியாவின் ஜின்ஃபாண்டெலும் ஒன்று என்கிறார்களே?

ஒன்றில்லை, அப்பனும் பிள்ளையும் மாதிரி. டால்மேஷியாவில் பிறந்து கலிஃபோர்னியாவின் நாப்பாவில் ஒயின் செய்து பேர் வாங்கிய மைக் கர்கிச் இரண்டும் ஒன்றுதான் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து கேரல் மெரடித் 1998-ல் நேரில் வந்து இலை சேகரித்துப் போய் டி.என்.ஏ. பார்த்தால், சொந்தம் உண்டு, ஆனால் அதுவே இல்லை. ஜாக்ரெப் ஆய்வாளர்கள் இவான் பெய்ச், எடி மலேடிச் இருவரும் விடாமல் தேடினார்கள். கடைசியில் 2001-ல், ஸ்ப்ளிட் பக்கத்தில் காஷ்டெலாவின் ஒரு பழைய தோட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கொடிகள் ஜின்ஃபாண்டெலோடு அப்படியே பொருந்தின. அங்கே அதன் பெயர் ட்ஸர்ல்யெனாக் காஷ்டெலான்ஸ்கி, பழைய பெயர் ட்ரிபிட்ராக். இத்தாலியின் பிரிமிடிவோவும் இதேதான். இதுவும் ஷோல்டா தீவின் டோப்ரிச்சிச் என்ற திராட்சையும் சேர்ந்து பிறந்ததுதான் பிளாவட்ஸ் மாலி. அமெரிக்கா முழுக்கப் பரவிய கொடி சொந்த ஊரில் அழியும் நிலையில் கிடந்திருக்கிறது, அதுதான் எனக்கு ஆறவில்லை. இப்போது மறுபடி நடுகிறார்கள்.

'க்ர்க்' என்று ஒரு ஒயினாமே, உச்சரிப்பது எப்படி?

எழுதியபடியேதான். உயிரெழுத்தே கிடையாது, மூன்றும் புள்ளி வைத்த எழுத்து, நம் இலக்கணம் அனுமதிக்காது! கோர்ச்சுலாவின் கிழக்கு முனையில் லும்பார்டா என்ற ஊரின் மணல் நிலத்தில் வளர்வது. இதில் பெண் பூ மட்டும்தான், தானாகக் காய் பிடிக்காது, அதனால் பக்கத்திலேயே பிளாவட்ஸ் மாலி வரிசைகளை நட்டு வைக்கிறார்கள். கிடைப்பது கொஞ்சம்தான், ஊருக்குப் போனால் அங்கேயே குடித்துவிடுங்கள்.

புரோஷெக் என்பது ப்ரொசெக்கோவின் மலிவுப் பதிப்பா?

டால்மேஷியாக்காரர் காதில் விழாமல் கேளுங்கள். ப்ரொசெக்கோ வடகிழக்கு இத்தாலியின் நுரைக்கும் ஒயின். புரோஷெக் உலரவைத்த திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின், நுரையே கிடையாது. பெயர் ஒத்துப்போனதுதான் வம்பு: 2013-ல் குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் லேபிளில் அந்தப் பெயரைப் போட முடியாமல் போனது, 2021-ல் பெயருக்குப் பாதுகாப்புக் கேட்ட குரோஷியாவின் விண்ணப்பம் ஒன்றியத்தின் அரசிதழில் வந்ததும் இத்தாலி கொதித்தது. 'பஷ்டிட்ஸாடா' என்ற மாட்டிறைச்சிக் குழம்பில் இதை ஊற்றுவார்கள், அதையும் சாப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளூர்க்காரர்கள் சிவப்பு ஒயினில் தண்ணீர் கலக்கிறார்கள். ஏமாற்று வேலையா?

அதற்குப் பெயர் பெவாண்டா, பழைய பழக்கம். இவ்வளவு கனத்த ஒயினை வெயிலில் வேலை செய்கிறவர் அப்படியே குடித்தால் என்ன ஆகும்? ஜாடியில் வரும் சாதாரண ஒயினுக்குத் தாராளமாகச் செய்யலாம், டிங்காச்சுக்கு வேண்டாம். வெள்ளையில் சோடா கலந்தால் கெமிஷ்ட், ஆகஸ்ட் வெயிலுக்கு அது இன்னும் தேவலை.