கேமரா வாங்குமுன் அதன் கோப்பைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் படம்பிடித்து, வீட்டிலேயே தொகுக்க ஹெச்டி வீடியோ கேமரா வாங்க எண்ணுகிறேன். என்னிடம் 8 ஜிபி ரேம் கொண்ட பழைய மடிக்கணினியும் இலவசத் தொகுப்பு மென்பொருளும் உள்ளன. எந்தக் கேமரா ஒத்துப்போகும்?

பதில்: நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், கேமரா மெமரி கார்டில் எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்று பாருங்கள். உங்கள் கணினிக்கு ஏற்றது, ஹெச்.264 என்ற சுருக்க முறையில் எம்பி4 கோப்பாக 1920×1080 அளவில் பதிவு செய்யும் கேமராதான். இந்த வடிவத்தைப் பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கும். பழைய கணினிகளும் சிரமமின்றி ஓட்டும்.

கடைகளில் முன்னிறுத்தப்படும் 4கே, 10-பிட், ஹெச்.265 பதிவு தரத்தில் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது படத்தை மிகவும் சிக்கலான முறையில் சுருக்குவதாலும், அதில் கூடுதல் நிற விவரம் கொண்ட 4:2:2 வகையைக் கையாளும் வசதி பல கணினிகளின் கிராஃபிக்ஸ் சிப்பில் இல்லாததாலும், முழுச் சுமையும் பிராசஸரின் மேல் விழுந்து, டைம்லைனில் (மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டியில்) படம் திக்கித் திக்கி நகரும். ப்ராக்ஸி எனப்படும், தரம் குறைந்த சிறிய நகல் கோப்புகளை உருவாக்கித் தொகுக்கலாம் என்றாலும், அவற்றை உருவாக்கவே உங்கள் கணினி நெடுநேரம் எடுத்துக்கொள்ளும்.

பழைய ஹேண்டிகேம் ஒன்று மலிவாகக் கிடைத்தால், அது பெரும்பாலும் ஏவிசிஹெச்டி வகையாக இருக்கும். சோனியும் பானசோனிக்கும் 2006இல் அறிமுகப்படுத்திய வடிவம் இது. அதில் 50ஐ (50i) அமைப்பைத் தவிர்த்து, ஒவ்வொரு படத்தையும் முழுதாகப் பதியும் 50பி (50p) அல்லது 25பி (25p) இருந்தால் மட்டும் வாங்குங்கள். 50ஐ பதிவில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் வெவ்வேறு கணங்களில் பிடிக்கப்படுவதால், விரைவான அடவில் வீசிய கையின் ஓரம் சீப்புப் பற்களைப் போலப் பிரிந்து தெரியும். மேலும், இந்த வடிவத்தில் வழக்கமாகப் பதிவாகும் டால்பி வகை ஒலியை ஏற்காத சில மென்பொருள்களில் படம் மட்டும் வரும், நட்டுவாங்கம் கேட்காது.

அரங்கேற்றம் நீண்ட நிகழ்ச்சி என்பதால், 29 நிமிடத்தில் பதிவைத் தானாக நிறுத்திவிடும் புகைப்படக் கேமராக்களைத் தவிருங்கள். 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) வேகத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்குச் சுமார் 22.5 ஜிபி தேவை. ஆகவே 128 ஜிபி கார்டு போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலான விளக்குகளின் மினுக்கல் பதிவாகாது. வெளி மைக் பொருத்தும் துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் கார்டைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அமைப்பில் இரண்டு நிமிடம் பதிவு செய்து வந்து, உங்கள் மென்பொருளில் திறந்து, வெட்டி, ஒலியோடு ஏற்றுமதி செய்து பாருங்கள். கடைக்காரர் இதற்கு இணங்காவிட்டால் வேறு கடைக்குச் செல்லுங்கள்.