கோழிகளை இழந்த வாசகிக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழிகள் வளர்த்தேன். விற்பதற்காக இல்லை, முட்டைக்கும் என் ஆசைக்கும்தான். சென்ற மாதம் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து இரண்டு வெடைக்கோழிகள் வாங்கி வந்து, அன்று மாலையே மற்றவற்றோடு கூட்டில் விட்டேன். ஒரு வாரத்தில் அவற்றில் ஒன்று சிறகைத் தொங்கப்போட்டு ஓரமாக நின்றது. பச்சையாகக் கழிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படுத்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. பத்து நாளில் ஒன்பது போய்விட்டன. கடைசியில் போனது என் பழைய கறுப்புக் கோழி. கழுத்து திருகிப்போய் நான்கு நாள் என் மடியிலேயே கிடந்தது.

போன வருடமும் ஒரு கோழி வயிறு வீங்கிச் செத்தது. என் கையில் எதுவும் தங்காதோ என்று தோன்றுகிறது. அழுதால் ‘கோழிதானே’ என்கிறார்கள். ஏழு வயது மகனிடம் ‘கறுப்பி தூங்கிவிட்டது’ என்று சொல்லியிருக்கிறேன். மிச்சமுள்ள மூன்றும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு ஒரு மூலையில் நிற்கின்றன. அவையும் துக்கப்படுகின்றனவா? இது என் தவறா? இனி நான் கோழி வளர்க்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்டவற்றில் ‘இது என் தவறா’ என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

‘உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை’ என்று நான் எழுதிவிடலாம். படித்ததும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் முக்கால்வாசி காலியான கூட்டைப் பார்க்கும்போது நீங்களே அதை நம்பமாட்டீர்கள். அதனால் எது உங்கள் கையில் இருந்தது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கலாம். துக்கத்தில் இருக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல உதவி எனக்குத் தெரியவில்லை.

பச்சைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, கழுத்து திருகுவது, சில நாட்களில் கூட்டமே சரிவது எல்லாம் வெள்ளைக்கழிச்சலில் வருபவை. ராணிக்கெட் என்றும் நியூகாசில் நோய் என்றும் சொல்வது இதைத்தான். 1926-இல் முதன்முதலாகப் பதிவான வைரஸ் நோய் இது. தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் கிட்டத்தட்ட எல்லாக் கோழிகளையும் கொண்டுபோய்விடும். ஆனால் பறவைக் காய்ச்சலும் வெளியே பார்ப்பதற்கு இப்படியே இருக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது, சோதனைக்கூடத்தில்தான் தெரியும். அதனால் நான் சொல்வது ஊகம். நீங்கள் உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் அதைச் சொல்வது அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் நாம் செய்யும் கடமை.

இந்த வைரஸ் கோழியின் உடம்பில் புகுந்து 2 முதல் 15 நாள் வரை வெளியே தெரியாமல் இருக்கும். பெரும்பாலும் ஐந்தாறு நாள். நீங்கள் வாங்கிய அன்று அந்த வெடைக்கோழிகள் துறுதுறுவென்றுதான் இருந்திருக்கும். அவற்றை விற்றவருக்கும் தெரிந்திருக்காது. பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். அது நடக்கிற காரியம் இல்லை. அதோடு, நோய் வந்தாலும் கோழி அதை மறைக்கும். பலவீனம் வெளியே தெரிந்தால் வேட்டை விலங்கும் குறிவைக்கும், சொந்தக் கூட்டமும் கொத்தி விரட்டும். முடிகிற வரைக்கும் நின்று, மேய்கிற மாதிரி காட்டிக்கொண்டு, இனி முடியாது என்ற நிலையில்தான் உட்காரும். நாம் ‘இன்றைக்குத்தான் படுத்தது’ என்று நினைக்கும் கோழி பல நாளாக நோயோடு நடமாடியிருக்கும்.

உங்கள் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று, தடுப்பு மருந்து. குஞ்சாக இருக்கும்போதே கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடுவார்கள், அப்புறம் குறித்த காலத்தில் திரும்பப் போடுவார்கள். இன்னொன்று, புதிதாக வந்தவற்றைத் தனியே வைப்பது. குறைந்தது 30 நாள், தனிக் கூடு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் புதியவற்றிடம் போக வேண்டும். செருப்பும் தனியாக இருந்தால் நல்லது, ஏனென்றால் செருப்பில் ஒட்டிய எச்சமே போதும். இவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லித்தராத ஒன்றைச் செய்யாமல் விட்டதற்கும் அசிரத்தைக்கும் நிறைய தூரம் இருக்கிறது. நான்கு நாள் ஒரு கோழியை மடியில் வைத்திருந்தவரை அசிரத்தையானவர் என்று யார் சொல்லமுடியும்?

அந்த நான்கு நாளைப் பற்றியும் பேச வேண்டும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அது கூடவே தொற்றும் பாக்டீரியாவுக்குத்தான். ஆகவே ‘வேறு மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமோ’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கதகதப்பு, தண்ணீர், மற்றவை கொத்தாத ஓர் இடம் – இவ்வளவுதான் யாராலும் தரமுடியும். அதை நீங்கள் தந்தீர்கள். இனி எப்போதாவது தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கோழியின் மூச்சுக்குழல் வாய்க்குள் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. தலையை அண்ணாத்தித் தண்ணீரை ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். கழுத்து முழுக்கத் திருகி, தின்னவும் குடிக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் ஒரு கோழி கிடந்தால், அதன் வலியைச் சீக்கிரம் முடித்துவைக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்பது கொடுமை இல்லை. அதுவும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். கழுத்துத் திருகல் எல்லாமே அந்த நிலைக்குப் போவதில்லை. சத்துக் குறைபாட்டாலும் காதில் வரும் தொற்றாலும்கூட அப்படி ஆகும், அவற்றில் பல சரியாகிவிடும். எது என்று பார்த்துச் சொல்லத்தான் மருத்துவர் வேண்டும்.

போன வருடம் வயிறு வீங்கிச் செத்த கோழியை இதோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். அது தொற்றாக இருக்க வாய்ப்பு குறைவு. நம் கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி வருடத்துக்குச் சுமார் 10 முதல் 15 முட்டைதான் இடும். முட்டைக்கென்றே உருவாக்கிய இனங்கள் 300 வரை இடுகின்றன. அந்தச் சுமையை ஒரு சிறிய உடம்பு எத்தனை காலம் தாங்கும்? முட்டை உள்ளே உடைந்து சீழ் வைப்பது, வயிற்றில் நீர் கோப்பது, சூலகப் புற்றுநோய் எல்லாம் வயதான பெட்டைகளுக்குச் சாதாரணமாக வருகின்றன. மனிதர்களின் சூலகப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் கோழியை வைத்து ஆராயும் அளவுக்கு! இரண்டு சாவுகள், இரண்டு காரணங்கள். உங்கள் கைராசிக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

காரணம் தெரியாமல் போவதுதான் மனதை இப்படி எதையெதையோ முடிச்சுப் போடவைக்கிறது. அதனால்தான் செத்த கோழியை அறுத்துப் பார்க்கும் பரிசோதனையை நான் வற்புறுத்துகிறேன். பறவைக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால் உடலைத் தொடாமல் முதலில் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மற்ற சமயங்களில் கையுறை போட்டு, இரண்டு பைக்குள் வைத்துக் கட்டி, குளிரான இடத்தில் வைத்து, கூடிய சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். உறையவைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்து பார்க்க முடியாமல் போகும். மிச்சமிருப்பவற்றைக் காப்பாற்றும் தகவல் செத்துப்போனதிடம்தான் இருக்கிறது.

மூன்று கோழிகளும் துக்கப்படுகின்றனவா என்று கேட்டீர்கள். 2011-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். குஞ்சுகள் மேல் லேசாகக் காற்றை ஊதியபோது, பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத் துடிப்பு கூடியது, கண்ணின் வெப்பம் குறைந்தது. இன்னொரு உயிரின் கலக்கம் கோழியைத் தொடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்குத் துக்கம் என்று பெயர் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. கூட்டத்தில் யாருக்குப் பிறகு யார் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே 1921-லேயே அதை எழுதியிருக்கிறார். பன்னிரண்டில் ஒன்பது மறைந்தால் அந்த வரிசையே குலைந்துவிடும், மிச்சமிருப்பவை தடுமாறும். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேறொரு கவலைதான் முதலில் வந்தது. முட்டை நிற்பதும் மூலையில் ஒடுங்கி நிற்பதும் நோயின் அறிகுறிகளும்கூட. துக்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மகனிடம் ‘செத்துவிட்டது’ என்றே சொல்லுங்கள். தூங்கியது திரும்பி வராது என்று தெரிந்தால் அவன் தூங்கப் பயப்படுவான். நோய் வந்தது, அம்மா பார்த்துக்கொண்டாள், உடம்பு தாங்கவில்லை என்றால் ஏழு வயதுக்குப் புரியும். அவன் முன்னால் நீங்கள் அழுதாலும் தப்பில்லை. ‘கோழிதானே’ என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தினமும் காலையில் கூட்டைத் திறந்து, குரலை வைத்தே எது எது என்று தெரிந்துகொண்ட ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. என்னைப் போல் கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

இனி வளர்க்கலாமா? வளருங்கள், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் இந்த மூன்றையும் மருத்துவர் பார்க்கட்டும். அதுவரை அவற்றின் முட்டையையும் எச்சத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், கோழி வளர்க்கும் வேறு வீட்டுக்கும் போகாதீர்கள். கூட்டுக்குள் போய்வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸால் மனிதர்களுக்கும் கண் சிவந்து வீங்குவதுண்டு. கூட்டின் தரையில் பரப்பிய பழைய படுக்கையை முழுக்க அள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, கூட்டை நன்றாக வெயிலில் காயவிடுங்கள். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, தடுப்பு மருந்து போட்ட குஞ்சுகளாகப் பார்த்து எடுங்கள். அவற்றையும் 30 நாள் தனியே வைத்து அப்புறம் சேருங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த வயதில் எந்தத் தடுப்பு மருந்து என்பதை அந்த முடிவை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அக்கா